விருந்துக்கு ஒரு மாத்திரை கூட

நாச்சியாபுரத்தில் என் அத்தை பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கல்லல் ஊரிலிருந்து வந்தால்தான் காது குத்துவார்கள்; குத்தினால்தான் பந்தி. சீர் வேன் வழியில் நின்றுவிட்டது. பந்தல் முழுக்கக் கறி வாசம், பசி.

என் அப்பா கருத்தையாவுக்குப் பேச்சு குழறியது. பக்கத்து நாற்காலிக்காரரைத் தள்ளி, "யார்ரா நீ?" என்றார். அவர் அப்பாவின் சொந்தச் சித்தப்பா மகன்.

"காலையிலேயே கடைக்குப் போய்ட்டு வந்துட்டாக போல" என்று பின்னால் யாரோ சொல்ல, ஒரு வரிசையே சிரித்தது.

அப்பா குடிக்கமாட்டார். நெற்றியைத் தொட்டேன். வேர்த்து ஜில்லிட்டிருந்தது.

"அப்பா, சுகர் மாத்திரை எத்தனை போட்டீக?"

"ரெண்டு. கறி திங்கணும்ல. விருந்துன்னா ரெண்டு."

தின்னப்போகிற சோற்றுக்கு முன்கூட்டியே பரிகாரம். வயிற்றில் இடம் வேண்டுமென்று காலையில் ஒரு இட்லிகூடத் தின்னவில்லை. சீர் வேன் வரட்டும் என்று மாத்திரை காத்திருக்குமா?

டாக்டர் சொல்வதை அப்பா ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. கூடப் போகிற நான் வாங்கியிருக்கிறேன். வேர்த்து, தடுமாறினால் உடனே இனிப்பு. சமையல் கொட்டகைக்கு ஓடி, ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். அத்தை சோணையம்மாள் குறுக்கே நின்றாள்.

"என்னடி அது?"

"சீனித்தண்ணி."

"சுகர்காரவுகளுக்குச் சீனியா? கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"சுகர் ரொம்ப எறங்கிருச்சு அத்தை. வழிய விடுங்க."

"எறங்குனா நல்லதுதானடி. அதுக்குத்தான மாத்திரை திங்கிறாக."

கூட்டம் கூடிவிட்டது. மோர் கொடு, மூஞ்சியில் தண்ணி அடி, காற்று வரட்டும். "நாலெழுத்துப் படிச்சா டாக்டராயிருவாளாக்கும்" என்றார் ஒருத்தர். எங்கள் வம்சத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், படித்தது பி.காம். அவர்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அப்பாவின் தலை சாய்ந்துகொண்டிருந்தது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற முடியாது.

அத்தையை இடித்துத் தள்ளினேன். அவள் பட்டுச்சேலையில் கொஞ்சம் சிந்தியது. அப்பாவை நிமிர்த்திப் பிடித்து டம்ளரை உதட்டில் வைத்தேன்.

"முழுங்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டார்.

"முழுங்குங்கப்பா."

ஒரு மிடறு. இன்னொரு மிடறு. தாடையில் வழிந்தது.

"எங்கண்ணனுக்கு ஒண்ணுன்னா இவதான் பொறுப்பு. எல்லாரும் பாத்துக்கங்க" என்றாள் அத்தை.

வெகுநேரம் போல இருந்தது. வேர்ப்பது மெல்ல நின்றது. அப்பாவின் கண் என்னைத் தேடிப் பிடித்தது. "தாமரை, வேன் வந்துருச்சா?"

வந்தது. காது குத்தினார்கள், பிள்ளை அழுதது, இலை போட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. அதற்குள் அத்தை அவர் காதில் ஓதியிருந்தாள்.

"சீனியக் கரைச்சு ஊத்திட்டியாம்ல. சுகர் ஏறிக் கெடக்கும். இன்னைக்கிப் பட்டினி கெடந்தாத்தான் சரியாகும்" என்றார் அப்பா.

"அந்த ரெண்டாவது மாத்திரை இன்னும் உள்ள கெடக்குப்பா. தின்னலைன்னா திரும்ப எறக்கிவிட்டுரும். தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கையைப் பிடித்து இழுத்துப்போய் இலை முன்னால் உட்காரவைத்தேன். சோற்றை விஷம்போலப் பார்த்தார். எதிர் வரிசையில் அத்தை சீனித்தண்ணி பட்ட சேலையோடு முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே பாக்குது தாமரை."

"பாக்கட்டும். நீங்க திங்கிற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சோற்றில் கைவைத்தார். என்னை நம்பித் தின்றார் என்று சொல்லமாட்டேன். என் மூஞ்சிக்குப் பயந்து தின்றார். தின்றாரே, அது போதும்.