வசவும் முட்டைக்கோசும்

"நாற்காலிய கொஞ்சம் தள்ளுங்க டீச்சர், அது உங்களுக்குக் கீழதான் இருக்கு" என்று மகள் குனிந்தபடியே சொன்னாள்.

துக்கத்துக்கு வந்திருந்த எதிர்வீட்டு டீச்சர் காபிக் கோப்பையோடு அலறி எழுந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து மகாராணி வெளியே வந்தது. கூடத்தில் இருந்தவர்களைத் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்வையிட்டது. பிறகு, வந்த வேலை முடிந்ததுபோல வாசற்படி இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டது.

மகாராணி ஒரு கோழி. அம்மா வைத்த பெயர். மற்ற மூன்றுக்கும் மேனேஜர், திருடி, ஊமை என்று பெயர். அம்மாவை அன்று மதியம் அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். கிளம்புகிற அவசரத்தில் யாரோ கொல்லைக் கதவையும் கூண்டையும் திறந்தே போட்டுவிட்டார்கள். மற்ற நாளாயிருந்தால் பொழுது சாயும்போது அவை தாமாகக் கூண்டுக்குள் போய் அடைந்துவிடும். இன்றோ வீடு நிறைய வேற்று ஆட்கள், வாடகை நாற்காலிகள், வாசலில் பந்தல். கோழிகள் மிரண்டுபோய் ஆளுக்கொரு திசையில் நின்றன. மேனேஜர் மதில்மேல் ஏறிவிட்டது. இருட்டிவிட்டால் தெருநாய்கள் கிளம்பும். போன மாதம் டீச்சர் வீட்டு வாத்தில் அவை மிச்சம் வைத்தது இறகுகளை மட்டும்தான்.

கோழியைவிட மகளுக்கு இன்னொரு கவலை பெரியது. அப்பா நேற்றுக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் போடவில்லை. வாழ்நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்று ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த மனிதர். தன் மாத்திரையை மட்டும் ஒருநாளும் தானாகப் போட்டதில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். "பசிக்கலைங்க" என்றார். யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. இந்த வாரக் கடைசியில் மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் இவர் இந்த வீட்டில் தனியாக என்ன செய்வார்?

கூடத்தில் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மரியாதையை இழந்துகொண்டிருந்தது. அம்மா மாணவர் விடுதியில் சமையல்காரியாக இருந்தவள். எல்லோரையும் கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள். ஆகையால் அவளைப் பற்றிப் பேசுவதென்றால் அவளிடம் வாங்கிய திட்டுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

"என்னை என் கல்யாணத்தன்னைக்கே திட்டுச்சு அக்கா. மேடையில வச்சே. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தேன்" என்றார் மாமா, ஏதோ விருது வாங்கியவர் மாதிரி. அவர் அம்மாவின் தம்பி, பேருந்து ஓட்டுநர்.

"இது என்ன பெருசு?" என்றார் டீச்சர். "என் வீட்டு விசேஷத்துக்கு வந்து, என் அடுப்படியிலேயே நின்னு, என்னைத் திட்டுனாங்க. திட்டிட்டு எல்லாப் பாத்திரத்தையும் அவங்களே கழுவி வச்சிட்டுப் போனாங்க." சொல்லி முடிக்கும்போது அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அடுத்த வீட்டுத் தையல்காரர் தனக்கு அப்படி ஒரு திட்டு கிடைக்கவில்லையே என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார்.

"கதையை அப்புறம் பேசலாம். கோழியைப் பிடிங்க, இருட்டப்போகுது" என்றாள் மகள்.

துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மாமா "பா, பா, பா" என்று கொல்லையைச் சுற்றி வந்தார். டீச்சர் "வாடா செல்லம்" என்று பிஸ்கட்டை நீட்டினார். தையல்காரர் ஒரு படுக்கை விரிப்பை இரு கையிலும் பிடித்துக்கொண்டு திருடியின் மேல் பாய்ந்தார். திருடி தப்பித்துவிட்டது. விரிப்புக்குள் தையல்காரர்தான் அகப்பட்டார்.

மகள் சமையலறைக்குப் போனாள். தொட்டியின் அடியில் நீல வாளி இருந்தது. முந்தாநாள் ராத்திரி படுக்கப் போகும் முன்னால் அம்மா நறுக்கிப் போட்டது அப்படியே இருந்தது. முட்டைக்கோசின் மேல் இலைகள், கேரட்டின் தலை, தர்ப்பூசணித் தோல், ரொட்டியின் ஓரங்கள். எல்லாம் ஒரே அளவாக, வாய்க்கு அடங்குகிற மாதிரி. மேலே ஒரு கிண்ணத்தில், மூடி போட்டு, வேகவைத்த பட்டாணி. அதுதான் கோழிகளுக்குப் பலகாரம். கடைசியில்தான் போடுவாள். மகள் அந்தக் கிண்ணத்தை, மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒரு கேரட் தலைக்காகப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வாளியோடு கொல்லைக்குப் போனாள்.

"வாங்க. சாப்பிட வாங்க. ப்ளீஸ்" என்றாள்.

அவளுக்குத் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. மின்சாரம் போனவர்கள் நாளெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று இவள் பாலில் தேன் கலந்த மாதிரி சொல்வாள். அந்தக் குரல்தான் இப்போதும் வந்தது. கோழிகள் அதைக் கேட்டன. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"அப்படிக் கூப்பிட்டா வராதும்மா" என்றார் படியில் இருந்த அப்பா. காலையிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"வேற எப்படிப்பா?"

"திட்டணும்."

"என்னது?"

"உங்கம்மா ஒருநாளாவது சும்மா இரை போட்டிருக்காளா? திட்டிக்கிட்டேதான் போடுவா. திட்டு காதுல விழுந்தாத்தான் அதுங்களுக்குச் சாப்பாடுன்னு தெரியும்."

"இவ்வளவுதானே, நான் பார்த்துக்கிறேன்" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். பேருந்தை உரசிவிட்டுப் போனவனைத் திட்டுகிற திட்டு ஒன்றை எடுத்துவிட்டார். மதில்மேல் இருந்த மேனேஜர் தடுமாறி விழப் பார்த்தது. ஊமை முதல்முறையாக வாய்திறந்து கத்தியது.

"ஐயோ, நிறுத்து மச்சான். அது கோபம்" என்று அப்பா எழுந்தார். "அவ திட்டு அப்படி இருக்காது. வாளியக் கொடும்மா."

வாளியை வாங்கிக்கொண்டு நடுக்கொல்லையில் போய் நின்றார். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியறியாதவர். சுற்றி நின்றவர்களைக் கூச்சத்தோடு பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏண்டி... எங்கடி போய்த் தொலைஞ்சீங்க?"

காற்றுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் கொல்லையில் அடுக்கியிருந்த நாற்காலிக் குவியலுக்குப் பின்னாலிருந்து மகாராணியின் தலை எட்டிப் பார்த்தது. அப்பாவுக்குத் தெம்பு வந்தது.

"பொழுதன்னைக்கும் ஊர் சுத்துறது, வேளைக்கு வந்து வாயத் திறக்குறது! நான் என்ன உங்களுக்குச் சம்பளத்துக்கு இருக்கேனா? இலையெல்லாம் நீயே அள்ளாதடி திருடி, அவளும் திங்கட்டும். ஏ மேனேஜரு, தோலைத் தின்னாத்தான் பட்டாணி. நறுக்கி நறுக்கி என் கைதான் தேயுது, ஒரு முட்டைக்கு வக்கு உண்டா?"

குரல் அவருடையது. இழுப்பும் வெட்டும் அப்படியே அம்மாவுடையது. கோழிகள் நாலு பக்கமிருந்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடிவந்தன. அவர் இறைத்துக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தார். அவையும் கொத்திக்கொண்டே கூண்டை நோக்கி வந்தன. அப்பா நிறுத்தவில்லை.

"எத்தனை தடவ சொல்றது? சொன்னது காதுல ஏறுதா? மாத்திரை போட்டாச்சா? போட்டிருக்க மாட்டீங்களே! கண்ணாடிய எங்க வச்சீங்க? குளியலறையிலயா? ஈரத் துண்ட ஏன் கட்டில்ல போட்டீங்க? நான் இல்லேன்னா என்னதான் பண்ணுவீங்களோ, தெரியல..."

எந்தக் கோழிக்கும் கண்ணாடி கிடையாது. டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாமா திரும்பி நின்று மதிலைப் பார்த்தார். அப்பா கடைசியாகப் பட்டாணியைக் கூண்டுக்குள் கொட்டி, நாலும் உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டார். அப்புறம்தான் தான் என்ன பேசினோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. காலி வாளியோடு போய் மறுபடியும் அதே படியில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகள் சூடாக ரொட்டியும் பருப்பும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"அப்பா, கொஞ்சமா சாப்பிடுங்கப்பா. எனக்காக."

"பசிக்கலைம்மா. நீ சாப்பிடு."

அவள் அங்கேயே நின்றாள். கூண்டுக்குள் கோழிகள் இடம் பிடிக்க இடித்துக்கொண்டிருந்தன. அவள் தட்டோடு சமையலறைக்குத் திரும்பி, அதைச் சாப்பாட்டு மேசையில் டக்கென்று வைத்தாள். வாழ்க்கையில் யாரையும் அவள் திட்டியதில்லை. திட்டுக் கேட்டே பழகியவள்; திட்டத் தனக்கு வராது என்றுதான் நினைத்திருந்தாள்.

"அங்க என்ன வேடிக்கை?"

முதல் வார்த்தையிலேயே குரல் உடையப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெத்திலை பாக்கு வச்சு அழைக்கணுமா? சுட்டு வச்சது ஆறிப் போகுது. கோழிக்கு இருக்கிற அறிவு மனுஷனுக்கு வேண்டாமா? அந்த வாளியைக் கீழ வச்சிட்டு, கைய கழுவிட்டு, மாத்திரையப் போட்டுட்டு வந்து உட்காருங்க. இன்னொரு தடவ கூப்பிட மாட்டேன்!"

அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தாள்.

வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. குழாய் திறந்தது. அலமாரிப் பக்கம் மாத்திரை அட்டை சரசரத்தது. அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"பருப்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றார், முதல் வாய்க்கு அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"கம்மியாத்தான் இருக்கும். பேசாம சாப்பிடுங்க."

"சரி" என்றார். ரொட்டியைச் சாப்பிட்டார். அதன் ஓரத்தை மட்டும் நாலு துண்டாகப் பிய்த்து, தட்டின் விளிம்பில் தனியாக ஒதுக்கி வைத்தார்.