இருபத்து நான்கு ஸ்டூல்

எங்கள் கடையில் இருபத்து நான்கு ஸ்டூல் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே, கை உடைந்த பொம்மைகளுக்கும் பழைய தீபாவளி விளம்பரத் தட்டிகளுக்கும் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கி நான்கு வருடம் ஆகிறது. சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் பிரிக்கவில்லை.

காரைக்குடியில் மூன்று மாடி ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். என் பெயர் சுஹானா. பட்டுச் செக்‌ஷனில் பதினோரு வருடமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது மணி வரைக்கும். நடுவில் சாப்பிட இருபத்தைந்து நிமிடம். சேலை எடுக்க வருகிற அம்மாவுக்கு நாற்காலி, அவர் வீட்டுக்காரருக்கு நாற்காலி, கூட வந்த நண்டு சிண்டுக்கும் நாற்காலி. முப்பது சேலையை விரித்துக் காட்டி, "வேற கலர் பாக்குறீகளாக்கா?" என்று சிரித்து, அவர்கள் ஒன்றுமே எடுக்காமல் போன பிறகு முப்பதையும் மடித்து அடுக்குவோம். ஈ காக்கை இல்லாத மத்தியானம் மூன்று மணிக்கும் உட்காரக் கூடாது. அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் மேலே கேமரா இருக்கிறது.

உட்கார வேண்டுமென்றால் எங்களுக்கு ஒரே இடம் கக்கூஸ்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. அவசரம் இல்லாவிட்டாலும் போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவோம். அதையும் மோப்பம் பிடித்து, யார் எத்தனை தடவை போனார்கள் என்று எழுத ஒரு நோட்டைத் தொங்கவிட்டார்கள்.

கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோதுதான் அந்த ஸ்டூல்கள் வந்தன. சட்டத்துக்காக வந்தன, எங்களுக்காக இல்லை. அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றால் அதற்கு முன்பே எங்கிருந்தோ கடைக்குப் போன் வந்துவிடும். சூப்பர்வைசர் வீரையா கையைத் தட்டுவார். "ஓடுங்க பிள்ளைகளா, ஸ்டூலைத் தூக்கிட்டு வாங்க!" நாங்களே தூக்கி வந்து, நாங்களே தூசி தட்டி, பிளாஸ்டிக்கோடு உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரிப்போம். ஜீப் கிளம்பியதும் நாங்களே கொண்டுபோய் அடுக்குவோம். இந்தக் கூத்தை நான் ஐந்து தடவை ஆடியிருக்கிறேன். நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பொன்னுத்தாயி அக்கா கோவிலூரிலிருந்து வருபவர். வயது நாற்பத்தெட்டு. கடை ஒற்றைத் தளமாக இருந்த காலத்திலிருந்து இருபது வருடமாக நிற்கிறார். இடது காலில் நரம்பு கயிறு மாதிரி முறுக்கிப் புடைத்திருக்கும். கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடி உடையும். இப்படியே நின்றுகொண்டிருந்தால் காலை எடுக்க வேண்டிவரும், மணிக்கு ஒரு தரமாவது உட்கார்ந்து காலை உயர்த்தி வைக்கவேண்டும் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. வேலையை விட முடியாது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீரையாவிடம் போனார். நானும் கூட நின்றேன்.

"அண்ணே, ஒரே ஒரு ஸ்டூல் குடுங்கண்ணே. ஆள் இல்லாதப்ப செத்த நேரம் ஒக்காந்துக்கிறேன்."

வீரையா சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "ஒனக்குக் குடுத்தா பாக்கி இருவத்தி மூணு பேரும் வந்து நிப்பாக. இது கடையா, ஆஸ்பத்திரியா?"

இரண்டு நாள் கழித்து, வலி தாங்காமல் அக்கா கவுண்டருக்குப் பின்னால் கிடந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். மூன்று நிமிடம் இருக்கும். முதலாளி சிவபிரகாஷ் எங்கே இருந்தாலும் கேமராவைப் போனில் பார்ப்பவர். மறுநாள் காலையில் அக்காவை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வருகிறவர்களைக் கும்பிட்டு "வாங்க, வாங்க" என்று சொல்லும் வேலை. அங்கே சாய்ந்துகொள்ள அலமாரிகூடக் கிடையாது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, செக்‌ஷன் மாற்றம் என்றார்கள்.

அந்த வாரம் விடுமுறை நாளன்று மானகிரியில் என் வீட்டில் உட்கார்ந்து தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினேன். மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக்கோடு கிடக்கிற ஸ்டூல், கக்கூஸ் நோட்டு, அக்காவின் கால் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில், "இது எங்கள்மீது நடக்கும் அடக்குமுறை" என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன்.

அது பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. டிவி செய்தியில், தடியடி நடக்கிற இடத்தில், ஜெயிலில் போடுகிற இடத்தில் கேட்கிற வார்த்தை. எங்களை யாரும் அடிக்கவில்லையே, கட்டிப்போடவில்லையே. ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் ஆளுக்கொரு சேலை தருகிறார்கள். வெறும் கால் வலிக்கு இத்தனை பெரிய வார்த்தையைப் போட்டால் படிக்கிறவர் சிரிப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. அதை அடித்துவிட்டு "சிரமம்" என்று எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. காரைக்குடியில் போட்டால் எப்படியாவது கடைக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, தேவகோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்த் தபாலில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். புதிதாக வந்திருக்கும் அதிகாரி என்று யாருக்கும் தெரியாது, போனும் வரவில்லை. என்னிடம் நாலு சேலை பார்த்தார். "நீங்க ஒக்காரவே மாட்டீங்களாம்மா?" என்று கேட்டார். நான் வீரையாவைப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து நேரே மாடிப்படிக்குக் கீழே போனார். பிளாஸ்டிக்கோடு இருந்த ஸ்டூல்களைப் போட்டோ எடுத்தார். சாயங்காலம் முதலாளிக்கு நோட்டீஸ் வந்தது.

இனியாவது அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரிப்பார்கள் என்று நாங்கள் நம்பினோம். எங்கள் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் காலை, பஸ் ஐந்து விளக்கு முக்கைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய ஃபிளெக்ஸ் போர்டு. மேலே எங்கள் முதலாளி கைகூப்பி நிற்கிறார். வியாபாரிகள் சங்கத்தில் அவர்தான் பெரிய ஆள். கீழே, "வணிகர்கள் மீதான அதிகாரிகளின் அடக்குமுறையைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம்!" அடக்குமுறை என்பது மட்டும் சிவப்பில், என் உயரத்துக்கு இருந்தது.

நான் அடித்த அதே வார்த்தை. இருபது வருடம் நின்று புண்ணாகிப்போன காலுக்கு அதைப் போட எனக்குக் கை கூசியது. அவருக்கு வந்தது ஒரே ஒரு நோட்டீஸ், ஒரு தாள். எங்களுக்கு உட்கார இடம் கொடு என்று சொன்னதற்காக, கொஞ்சம்கூட நாக்கூசாமல் அந்த வார்த்தையைத் தூக்கித் தன் படத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டார். 

கடைக்குள் நுழைந்தால் வீரையா கையைத் தட்டினார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு எல்லாரும் யூனிஃபார்ம் சேலையில அஞ்சு வெளக்குக்கு வந்துருங்க. ஆளுக்கொரு அட்டை தருவோம். பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"பொன்னுத்தாயி அக்காவுக்குக் கால் முடியலண்ணே. அவுகளை விட்டுருங்க" என்றேன்.

"வாசல்ல நிக்கிற ஆளு ரோட்டுல நிக்க முடியாதாக்கும்? போம்மா."

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்குள் முதலாளிகளுக்கு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன், நாற்பது. பாதி காலியாகக் கிடந்தது. நாங்கள் இருபத்து நான்கு பேரும் பந்தலுக்கு வெளியே, ரோட்டோரம் இரண்டு வரிசையாக நின்றோம். என் கையில் கொடுத்த அட்டையில் "அடக்குமுறை ஒழிக" என்று இருந்தது. எனக்கு இடப்பக்கம் அக்கா. அக்காவுக்கு அந்தப் பக்கம், போன வருடம் சேர்ந்த துர்காதேவி.

முதலாளி மைக்கைப் பிடித்தார். "எங்க கடைப் பிள்ளைகளை எங்க வீட்டுப் பிள்ளைகளாத்தான் வச்சிருக்கோம். இவுங்கள்ல ஒருத்தராவது உக்கார இடம் இல்லைன்னு எங்கிட்ட வந்து கேட்டதுண்டா? இந்தா நிக்கிறாங்க, நீங்களே கேட்டுப் பாருங்க! அடக்குமுறைன்னா என்னான்னு அதிகாரிகளுக்குத் தெரியுமா? அனுபவிக்கிறவன் நான்! ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை!" பந்தலுக்குள் கைதட்டினார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். துர்காதேவி என்னை எட்டிப் பார்த்து, "அக்கா, ரத்தம்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். பொன்னுத்தாயி அக்காவின் கட்டு நனைந்து, செருப்பில் இறங்கியிருந்தது. அக்கா சேலைக் கரையைக் கீழே இழுத்து அதை மறைத்தார். "ஒண்ணுமில்ல. பேசாம நில்லு, பாக்குறாக."

இந்த நிலைமையிலும் அக்கா என்னிடம் சொன்னது "நில்லு" என்றுதான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கையிலிருந்த அட்டையைத் தார் ரோட்டில் போட்டேன்.

"இதுல ஒக்காருங்கக்கா."

"வேணாம் தாயி, வேலை போயிரும்."

"கால் போகப் போகுதுக்கா. ஒக்காருங்க."

தோளைப் பிடித்து அமுக்கினேன். அக்கா உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். தார் சேலையைத் தாண்டிச் சுட்டது. துர்காதேவி உட்கார்ந்து அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. முன்வரிசை உட்கார்ந்தது, பிறகு பின்வரிசை. ஒவ்வொருத்தராக "அப்பாடா" என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு நாங்களே சிரித்துவிட்டோம்.

மைக் கரகரத்தது. "என்னம்மா அங்க? எந்திரிங்க."

யாரும் எழவில்லை. ஒரு நிருபர் கேமராவோடு ஓடி வந்தார்.

"எந்திரிங்கம்மா! இது மறியல் இல்லை, ஆர்ப்பாட்டம்! நின்னுதான் பண்ணணும்!"

அசையவில்லை. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் மைக் இருப்பதே மறந்துபோனது.

"எந்திரிங்கடி!"

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஸ்பீக்கரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். நின்றுபோன பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன. பந்தலுக்குள் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உக்கார இடம் கேட்டதுண்டான்னு கேட்டீகள்ல முதலாளி" என்றேன். என்னிடம் மைக் இல்லை, ஆனால் கேட்டது. "இப்பக் கேக்குறோம்."

நிருபர் அக்காவின் பக்கம் குனிந்து, "எதுக்கும்மா போராடுறீங்க?" என்று கேட்டார்.

"போராட்டமெல்லாம் இல்லய்யா. இருவது வருசமா நின்னுட்டேன். கால் போயிரும்ங்குறாக. அதான் ஒக்காந்துட்டேன்" என்றார் அக்கா.

போலீஸ் வந்து கலையச் சொன்னது. அக்காவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் பேப்பரில் படம் வந்திருந்தது. ரோட்டில் நாங்கள், நடுவில் துர்காதேவி மடியில் அக்காவின் கால். கீழே, "அடக்குமுறையைக் கண்டித்து ஜவுளிக்கடைப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர்" என்று இருந்தது. முதலாளி பெயர் எங்கேயும் இல்லை. நான் கூசி அடித்த வார்த்தையை, முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். சிரிக்காமல் எழுதியிருந்தார். நான் அதை நாலு தடவை படித்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். புதுக் கட்டுப் போட்டிருந்தார்கள். போய் அதே வாசலில் நின்றார்.

நான் துணி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு பிளாஸ்டிக்கைக் கீறினேன். நாலு வருடத்துத் தூசி மூக்கில் ஏறியது. தூக்கிக்கொண்டு திரும்பினால் வீரையா வழியில் நிற்கிறார்.

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரையும் கேக்கலண்ணே. கேட்டெல்லாம் பாத்தாச்சு."

அவர் மேலே கேமராவைப் பார்த்தார். நானும் பார்த்தேன், நன்றாக முகம் தெரிகிற மாதிரி. எனக்கு வேலை நிலைக்குமா என்று இன்னும் தெரியாது. வீரையா ஒதுங்கி வழியை விட்டார். எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்டது. துர்காதேவி இரண்டாவது ஸ்டூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்கார வைத்தேன். அந்நேரம் கல்யாண வீட்டுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பழக்கத்தில் அக்கா எழப் பார்த்தார். தோளில் கை வைத்தேன்.

அக்கா உட்கார்ந்தபடியே கைகூப்பினார். "வாங்க, வாங்க."