ஐந்தாம் குழியின் குழந்தை

வலது கை சட்டைக்குள் நுழைய மாட்டேன் என்றது. அத்தை தோளைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அம்மா சட்டைக் கையை விரித்து வைத்திருந்தாள். நடுவில் மகள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இழுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள். காலை ஆறரைக்கு இதே கட்டிலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்த மனிதர். ஏழு மணிக்கு இல்லை. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், இப்போது மணி பதினொன்று.

"இனிமே இறுகத்தான் செய்யும். நாளைக்குத்தான் தளரும்," என்றாள் அம்மா, வகுப்பில் சொல்வதுபோல. "கத்தரிக்கோல் எடு. முதுகுப் பக்கம் வெட்டிட்டா ஈஸியா மாட்டிடலாம்."

அம்மா இருநூறு பேருக்கு மேல் அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்தவள். எல்லோரும் வெறும் எலும்பு, எல்லோரும் சில ஆயிரம் வருடங்களுக்கு முன் செத்தவர்கள். சதையோடு ஒருவரைத் தொடுவது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மகளுக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அதுவும் இல்லையென்றால் தான் உடைந்துவிடுவோம் என்றும் இருந்தது.

அத்தைக்குக் கத்தரிக்கோலைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அப்பாவுக்கு ஒரே அக்கா அவள். வாயில் எதுவும் நிற்காது.

"எவ்ளோ பக்குவமா அந்தக் கொழந்தைய எடுத்து அந்தப் பொம்பள கையில வச்சான் என் தம்பி! அவனுக்கு ஒரு சட்டை போட நம்ம மூணு பேருக்குத் துப்பில்ல."

கத்தரிக்கோல் நின்றது.

"எந்தக் குழந்தை, அண்ணி?"

"உங்க குழந்தைதான். மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கே, அது."

"வச்சாரா?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்பதுபோல.

"உனக்குத் தெரியாதா?" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன்னு சொன்னானே. சொல்லிட்டான்னுல்ல நான் இத்தன வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

அந்தக் குழந்தையைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. முப்பத்திநான்கு வருடங்களுக்கு முன், அம்மா நடத்திய முதல் அகழாய்வில், நான்காம் குழியில், ஒருக்களித்துக் கிடந்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. அவள் முழங்கை மடிப்புக்குள் ஒரு கைக்குழந்தையின் மண்டை ஓடும் சில விலா எலும்புகளும். தாயும் பிள்ளையும் என்றார்கள். பல வருடம் கழித்து மரபணுச் சோதனை செய்ததில் இருவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று வந்தது. அம்மா அசரவில்லை. அதற்கும் மேலே போனாள். யாரோ பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக அணைத்துப் புதைத்த மனிதர்கள் அவர்கள் என்று ஒரு புத்தகமே எழுதினாள். அந்தப் புத்தகம்தான் அம்மாவுக்குப் பெயர், பதவி, எல்லாம். குழியில் இருந்ததை இருந்தபடி கோட்டுப் படமாக வரைந்தது அப்பா. அங்கே அவருக்கு அதுதான் வேலை.

"என்ன நடந்துச்சு, அண்ணி?" என்றாள் அம்மா. குரல் அமைதியாக இருந்தது. கை மட்டும் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அத்தை சொன்னாள். அன்று அம்மா ஊரில் இல்லை. இரண்டே நாளில் தோண்டுவதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். இன்னும் பதினைந்து நாள் கொடுங்கள் என்று கெஞ்ச மேலதிகாரியிடம் போயிருந்தாள். மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தபோது ஐந்தாம் குழியில் அப்பா கண்ணில் குழந்தை பட்டது. அப்பா படம் வரைய உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது. வேலையாட்கள் திரும்பி வரவில்லை. கொட்டகை சாய்ந்துவிட்டது. குழியின் கரை சரியத் தொடங்கியது. அப்பா குழந்தையை மண்ணோடு சேர்த்துத் தகரத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். தண்ணீர் ஏறாமல் இருந்தது, அன்று காலைதான் நான்காம் குழியில் வெளிப்பட்டிருந்த அந்தப் பெண் கிடந்த மண் திட்டு ஒன்றுதான்.

"தட்டுலயே வச்சா உருண்டுடும்னு, அவ கை மடிப்புக்குள்ள மண்ணோட சரிச்சு வச்சானாம். மழை ரெண்டையும் சேத்துப் பூசிடுச்சு. காலைல நீ வந்து பாத்து, அப்படியே மண்ணுல உக்காந்து அழுதியாமே. சந்தோஷத்துல. 'அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிக்கா சொல்றது'ன்னான். நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னான். அதுக்குள்ள பேப்பர்காரங்க வந்துட்டாங்க."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் புத்தகத்தை எடுத்தாள். பக்கங்களை வேகமாகத் தள்ளினாள். ஒவ்வொரு படத்தின் கீழும் வலது மூலையில் அப்பாவின் பொடிக் கையெழுத்து இருந்தது. பானை, கோடரிக் கல், பல், தாடை, எல்லாவற்றிலும். அந்தப் பெண்ணும் குழந்தையும் இருக்கிற படத்தில் மட்டும் இல்லை. எத்தனையோ பதிப்பு வந்துவிட்டது. உலகத்தில் எந்தப் பல்லில் எந்தக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற அம்மா, இதைப் பார்க்கவில்லை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கட்டிலைப் பார்த்துக் கத்தினாள். "பக்கத்துலயே படுத்திருந்தீங்களே! ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

மகளுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி நினைவுக்கு வந்தது.

ஒன்பது வயதில் வகுப்பில் ஒருத்தி, 'நீ எடுத்து வளத்த பிள்ளையாமே' என்று கேட்டுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா அவளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டி முன் நிறுத்தினாள். 'இவ பெத்த பிள்ளை இல்ல அது. அப்படியும் எப்படிப் பிடிச்சிருக்கா பாரு. நாம ஒண்ணும் புதுசா செய்யல' என்றாள். அதற்குப் பிறகு அம்மாவோடு சண்டை வந்தபோதெல்லாம் அவள் தனியாகப் போய் அங்கே நின்றிருக்கிறாள். டிக்கெட் கிழிப்பவர் காசு வாங்குவதையே விட்டுவிட்டார். அப்பா மட்டும் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. ஏசி ஒத்துக்கொள்ளாது என்று வாசலிலேயே நின்றுகொள்வார்.

அவரிடமும் கேட்டிருக்கிறாள், என்னை ஏன் எடுத்தீங்க என்று. வரைந்துகொண்டிருந்தவர் பென்சிலை எடுக்காமலே, "எனக்கு உன்னைப் பிடிச்சிருந்துச்சு. கேட்டேன், குடுத்தாங்க," என்றார். கடையில் ரப்பர் வாங்கியதைச் சொல்வதுபோல. அன்றைக்கு அவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஆயிரமாயிரம் வருடக் கதை எங்கே, இது எங்கே. இப்போது அந்தக் கதை போய்விட்டது. கட்டிலில் ஒரு கை சட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தவர் சொன்னதுதான் மிச்சம்.

அம்மாவின் கைபேசி அடித்தது. பத்திரிகைக்காரர். ஸ்பீக்கரில் பணிவாகப் பேசினார். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். சாரைப் பத்தி நாளைக்குப் போடறோம். அந்தக் குழந்தை படம் சார் வரைஞ்சதுதானே? அதையே பெருசா போட்டுடலாமா?"

அம்மா கைபேசியை, அவருக்குக் கேட்காதபடி, நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் யாரிடமும் எதற்கும் யோசனை கேட்டு மகள் பார்த்ததில்லை.

"சொன்னா எல்லாம் போயிடும்," என்றாள் மெதுவாக. "புத்தகம், பேரு, எல்லாம். அது எப்படியோ போகட்டும். உங்கிட்ட நான் சொன்னதும் போயிடும்ல? என்னடி பண்ணட்டும்?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சொல்லிடும்மா," என்றாள் மகள்.

அம்மா கைபேசியை எடுத்தாள். "எழுதிக்கங்க," என்றாள். "அந்தப் படம் போடாதீங்க. அந்தக் குழந்தை நாலாம் குழி இல்ல. அஞ்சாம் குழி. ஆமா, அஞ்சு. மழையில போயிடக் கூடாதுன்னு அங்கேருந்து எடுத்து இங்க வச்சது என் வீட்டுக்..." அதற்கு மேல் வரவில்லை. உடம்பு முழுவதும் குலுங்க, அம்மா அழத் தொடங்கினாள். மறுமுனையில் அவர் "மேடம்? மேடம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அத்தை போய் அணைத்துக்கொண்டாள்.

மகள் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையின் முதுகை வெட்டி, இரண்டு கையையும் நுழைத்து, பித்தானெல்லாம் போட்டுவிட்டாள்.

பன்னிரண்டுக்கு அமரர் ஊர்தி வந்தது. ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரோடு தனியாக இறங்கினார்.

"கூட வர்றவன் லீவுங்க. தலைப்பக்கம் யாராச்சும் பிடிக்கணும். நல்லா பலமா இருக்கறவங்களா," என்றவர் அவளைப் பார்த்தார். "நீங்க இவருக்கு...?"

"மகள்."

குனிந்து பிடித்தாள். அப்பா அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தார். கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வருவதற்குள் தோள் இரண்டும் நடுங்கின. படியில் கால் வைக்கும் முன் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"கஷ்டமா இருந்தா கீழ வச்சுட்டு எடுக்கலாம்மா."

"வேண்டாம்," என்றாள்.