சாமான் அறை விளக்கு

"எழுதறதுக்கு ஊர்ல வேற விஷயமே கிடைக்கலையா உனக்கு?"

அண்ணன் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டான். 'பிறந்த வீடு திரும்பிய பெண்கள்' என்ற தலைப்பு மட்டும் அதில் இருந்தது.

தங்கை சட்டியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கணவன் வேறொருத்தியோடு போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். பகலில் தையல் ஆலையில் சட்டைகளின் நூல் பிசிறு வெட்டுவாள். சாயங்காலம் கல்லூரி. இது கடைசி வருஷம். ஆய்வுக் கட்டுரை கொடுத்தால்தான் பட்டம்.

"மழைத்தண்ணி சேமிப்புன்னு எழுதிக் குடேன். யாரு கேக்கப்போறா? எம் பொண்ணுக்கு இப்பத்தான் ஒரு இடம் கூடி வருது. நீ உன் கதையை ஊருக்கு அச்சடிச்சுக் குடுக்கறேங்கறே."

"என் கதை மட்டும் இல்லண்ணா. ஆலையில என்னை மாதிரி நெறைய பேரு இருக்காங்க. அவங்களைக் கேட்டுத்தான் எழுதறேன்."

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கற கதைதான்," என்றாள் அண்ணி, சோற்றைப் பிசைந்தபடி.

தலைப்பைப் பேராசிரியை ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த படியில்தான் இவள் நின்றுபோனாள். கட்டுரை எதை நிலைநாட்டப் போகிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். 'வீடு திரும்பிய பெண்கள் சமூகத்தில் ஒதுக்கப்படுகிறார்கள்' என்று எழுதிக்கொண்டு போனாள். பேராசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதை யாரும்மா மறுக்கப்போறா? 'ஆமா, பாவம்'னு சொல்லிட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. யாரு ஒதுக்கறா, எதுக்கு ஒதுக்கறா, அதைச் சொல்லு. படிக்கறவங்கள்ல ஒருத்தராவது 'இல்லவே இல்ல'ன்னு சண்டைக்கு வரணும். அப்பத்தான் அது கருத்து. திங்கக்கிழமை கொண்டு வா."

ஆலையில் கேட்டுப் பார்த்தாள். "ஊர் வாய்க்குப் பயந்துதான்க்கா" என்றார்கள் எல்லாரும். ஊர்னா யாரு என்று கேட்டதும் தலையைக் குனிந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தார்கள். அவளுக்கும் பதில் தெரியாமல் இல்லை. வாய்க்கு வந்ததை விழுங்கியே பழகிவிட்ட தொண்டை.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் கேட்டு வந்தார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவள் அவள்தான். அண்ணன் மகளுக்குத் தலை பின்னிவிட்டவளும் அவள்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூட்டைகள், ஏணி, கால் உடைந்த நாற்காலி. ஜன்னல் கிடையாது. விளக்கின் சுவிட்ச் வெளியே, கூடத்துச் சுவரில். கதவடியில் வெளிச்சம் தெரியக்கூடாதென்று அண்ணி அதை அணைத்துவிட்டுப் போனாள். கோபமெல்லாம் இல்லை. மேசைத் தூசியைத் தட்டுவதுபோலத்தான் செய்தாள்.

இருட்டில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதம். தட்டுகளின் சத்தம் வந்தது.

"பலகாரம் ரொம்ப நல்லாருக்கு. யாரு கைப்பக்குவம்?" மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"எல்லாம் எங்க பொண்ணுதாங்க," என்றாள் அண்ணி.

'அத்தை செஞ்சது' என்று அந்தப் பெண் சொல்லுவாள் என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஸ்பூன் சத்தம்தான் கேட்டது.

"வீட்ல எத்தனை பேரு நீங்க?"

"மூணே பேருதாங்க," என்றான் அண்ணன். "பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம்."

"அதுதான் வேணும். கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல?" மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, மின்விசிறி என்று நினைத்து ஒரு சுவிட்சைத் தட்டினாள்.

சாமான் அறையில் விளக்கு எரிந்தது.

"உள்ள வெளிச்சம் வருதே. யாராவது இருக்காங்களா?"

"அது சாமான் அறைங்க. யாரும் இல்ல," என்றான் அண்ணன்.

அணைக்க அவன் எழுந்து வரவில்லை. வந்தால் பதற்றம் தெரிந்துவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் மூட்டைகளைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

வந்தவர்கள் போனதும் அண்ணன் கதவைத் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்ச மாதிரிதான். வா, வந்து தட்டெல்லாம் எடு." அப்போதுதான் மடியிலிருந்த காகிதத்தைக் கண்டான். வாங்கிப் படித்தான்.

'கணவனைப் பிரிந்து வந்த பெண்ணை ஒளித்துவைப்பது ஊர் அல்ல. அவள் உழைப்பு வேண்டும், முகம் வேண்டாம் என்று நினைக்கிற உடன்பிறந்தவர்கள்தான்.'

அவன் காது சிவந்தது. "இதை எவன் ஒத்துக்குவான்? நான் ஒத்துக்க மாட்டேன். எந்த வீட்ல வேணும்னாலும் போய்க் கேளு, ஒரு அண்ணன்காரன் ஒத்துக்க மாட்டான்."

"அது போதும்ணா," என்றாள். "மேடம் கேட்டது அதுதான்."

காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கூடத்தில் எச்சில் தட்டுகள் அப்படியே கிடந்தன. ஒரு தட்டை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வாக்கியத்தைத் தெளிவான கையெழுத்தில் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

எதிர் நாற்காலியில் யாரும் வந்து உட்காரவில்லை.