முளையடித்த நிலம்

மேக்னா ஆற்றோரம் புதிதாக எழுந்த வண்டல் திட்டு அது. ஐந்து வருஷமாக ஊரே மூங்கில் நட்டு, வண்டலைத் தேக்கி, கரை போட்டு அதை நிலமாக்கியிருந்தது. விதவை மொர்ஜினாவும் இரண்டு மகள்களும் சுமந்த மண்ணுக்குக் கணக்கே கிடையாது. இன்று நிலம் அளக்க வந்த அமீன், வீட்டுக்கு ஒரு துண்டாக முளையடித்துக் கொடுத்தார். மொர்ஜினா குடிசை போட்டிருந்த துண்டில் மட்டும் அதே ஊர் இளைஞன் தொஃபஸ்ஸல் பெயரைச் சொல்லி முளையை அடித்தார்.

"அமீன் சாயபு, இது என் இடம்."

"சட்டம் அப்படி, சாச்சி. விதவைக்கு நிலம் வேணும்னா உடம்பு திடமான மகன் இருக்கணும்."

"மண்ணு சுமக்கையில ஒருத்தனும் மகன் எங்கேன்னு கேக்கலியே!"

"கோவப்படாத சாச்சி," என்று தொஃபஸ்ஸல் இளித்தான். "பெரியவள எனக்குக் கட்டிக் குடு. நிலம் வீட்டுக்குள்ளயே இருக்கும்."

"கரை போடுறப்ப வயித்துவலின்னு படுத்தவன்தானே நீ? முதல்ல ஒரு கூடை மண்ணு தூக்கிக் காட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவளுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரவர் துண்டு அவரவருக்குக் கிடைத்துவிட்டது.

மொர்ஜினா முளையைப் பிடுங்கி எறிந்தாள். அமீன் எடுத்து வந்து மறுபடி அடித்தார். அவள் மறுபடி பிடுங்கினாள். ஓதம் வடிந்து ஆற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது, அமீனை ஏற்றி வந்த படகுக்காரன் கூவினான்.

"விடுங்க சாச்சி, படகு சேத்துல மாட்டிக்கும்," என்றார் அமீன்.

"கிளம்புங்க. நாளைக்கு வந்து அடிங்க. நாளைக்கும் புடுங்குவேன்."