நாய் பொறுக்காத கழுதை

கழுதை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்பவர்களை எங்கள் கொட்டகைக்குள் ஒரு நாள் விட வேண்டும். மூன்று இனம் வைத்திருக்கிறோம். குண்டுமணி குட்டை இனம், என் இடுப்புக்குக்கூட வராது. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். தோளில் கறுப்புக்கோடு ஓடும் சாம்பல் கழுதை பொதி சுமக்க. பயந்தால் ஓடாது, நட்ட கல்லாக நின்றுவிடும். மூன்றாவது துரை. குதிரை உயரம், உடம்பெல்லாம் சடை. நாய்கள் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகின்றன என்று என் வீட்டுக்காரர் காவலுக்கு வாங்கியது. நாயைக் கண்டால் காதைப் பின்னால் மடக்கும், கடித்து உதறும், பிறகு முன்னங்காலால் மிதித்தே கொல்லும். போன மாதம் ஒரு நாயை மண்வெட்டியால்தான் வழித்தெடுத்தோம்.

என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கு நாய் விளையாட்டுப் பழக்கியது அவள் அப்பாதான். குண்டுமணியின் காலடியில் இரண்டு பேரும் மண்டியிட்டுக் குரைப்பார்கள். அதுவும் பாவம், பொறுத்துக்கொள்ளும்.

"இந்தக் கூத்தெல்லாம் வேணாங்க. துரைகிட்டயும் போய்க் குரைச்சா என்ன பண்றது?"

"போடி, அவளுக்குத் தெரியாதா?" என்பார். மூன்று வயதுக்கு என்ன தெரியும்?

அன்று காலையில் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தேன். "லொள்! லொள்!" என்று கேட்டது. குரல் குண்டுமணி பக்கமிருந்து வரவில்லை.

போட்டது போட்டபடி ஓடினேன். துரையின் பட்டிக்குள் மகள் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். தலையில் காது வைத்த கம்பளித் தொப்பி. துரை தலையைத் தாழ்த்திவிட்டது, காதும் மடங்கிவிட்டது.

"எழுந்து நில்லுடி! கண்ணு, எழுந்திரு!"

"லொள்!" என்றாள் என்னைப் பார்த்து.

அவள் நுழைந்த கம்பிக்கடியில் நானும் நுழையக் குனிந்தேன். நானும் தவழ்ந்து போனால் அதற்கு இரண்டு நாய் ஆகிவிடுமே என்று எந்தத் தெய்வம் சொன்னதோ, நிமிர்ந்து கம்பிமேல் ஏறிக் குதித்தேன். அதற்குள் துரை வாயைத் திறந்து அவள் தலையைக் கவ்விவிட்டது. தொப்பி மட்டும் கழன்று அதன் பல்லோடு போனது. மகளை வாரியெடுத்துக்கொண்டு வேலியோடு ஒட்டினேன்.

துரை எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. தொப்பியை உதறிக் கீழே போட்டு, முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தூக்கி அதன்மேல் இறக்கியது. கம்பளிக் காதுகள் சேற்றுக்குள் போயின. அது நிறுத்தவில்லை.

மகள் என் தோளில் இருந்தபடி கைகொட்டிச் சிரித்தாள்.

"அம்மா, பாரேன்! என்னை மிதிக்குது!"