காகிதத்தில் பத்து வயசு

முகூர்த்தம் இல்லாத பத்து நாளாகப் பார்த்து அந்தக் கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி வைத்திருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு சோபாவை மட்டும் யாரும் அப்புறப்படுத்தவில்லை. அதில் பூவனலிங்கம் தனியாக உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பிளக்ஸ்: ‘வயதுக்கேற்ற வாசிப்பு – இலவச ஆலோசனை.’ அதில் எழுத்துக்கு ஒதுக்கியதைவிட அவர் முகத்துக்கு ஒதுக்கிய இடம் அதிகம்.

பூவனலிங்கம் முப்பத்தொரு வருஷம் இன்சூரன்சில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வயசில் எத்தனை பேர் சாவார்கள் என்று அட்டவணை பார்த்தே காலம் தள்ளியவருக்கு, எந்த வயசில் எதைப் படிக்கலாம் என்று ஓர் அட்டவணை போட ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. மண்டபத்தின் சிறுவர் பகுதி முழுக்க அவர் கட்டுப்பாடு. ஒவ்வொரு புத்தகத்திலும் வயசுக்கு ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். பிள்ளையின் பெயரும் வயசும் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினால்தான் பில் போடுவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தும் கிடைக்கிற ஊரில் சீட்டு இல்லாமல் முயல் கதை வாங்க முடியாத இடம் அது ஒன்றுதான்.

அப்துல் நாசர் வரிசையில் நின்றார். மெயின் ரோட்டில் செருப்புக்கடை வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பூட்டியதும் நடந்து வந்ததும் அவருக்குச் சரியாக நினைவில்லை. எட்டு மாசமாக இப்படித்தான். மனைவி ஷாஜாதி மௌத்தாகி, அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் கடை திறந்தார். ஊர் அதைத் தைரியம் என்றது. அவருக்கு அது தைரியமாகவும் தெரியவில்லை, வேறெதுவாகவும் தெரியவில்லை. சாவி கையில் இருந்தது, திறந்தார்.

மகள் அல்ஃபியாவை அப்போதே எட்டயபுரத்தில் இருக்கும் கொழுந்தியாள் தஸ்லிமா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷப் பள்ளிக்கூடம் அதோடு நின்றுபோனது. இப்போது கோடை லீவு முடியப்போகிறது. நேற்று தஸ்லிமா போன் பண்ணினாள். திங்கட்கிழமை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, இல்லை கோவில்பட்டிக்கு உங்களிடமே அனுப்பவா, பிள்ளையிடம் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள், மச்சான் நேரில் வந்து கேளுங்கள் என்றாள். பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். என்ன வேணும் என்று கேட்டார். மாயக்கதைப் புத்தகம் வேணும், பெருசா வேணும் என்றாள். அவ்வளவுதான். புத்தகம் பிடித்துப்போனால் பிள்ளை வீட்டுக்கு வருவாள் என்று நாசர் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். கணக்கு தப்பினால் திங்கட்கிழமை அங்கே சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரும் ஃபேனும்தான்.

“பிள்ளைக்கு வயசு என்ன, பாய்?” என்று கேட்டார் பூவனலிங்கம்.

“பத்து.”

யோசிக்காமல் வந்தது. யோசிக்காமல் வரவேண்டும் என்றுதான் நாலு வருஷமாகப் பழகியிருந்தார். அல்ஃபியா எட்டு வயசில் ஹாக்கி மட்டையைப் பிடித்த பிடியைப் பார்த்து, ரெண்டு வயசைக் குறைத்தால் இவள் எங்கேயோ போவாள் என்றார் கிளப் கோச். பிறப்புப் பதிவு எப்படியோ விட்டுப்போயிருந்தது வசதியாகப் போயிற்று. தாமதப் பதிவில் ரெண்டு வருஷம் காணாமல் போனது. வேறு பள்ளிக்கூடம், ரெண்டு வகுப்பு கீழே. ஷாஜாதிதான் வீட்டில் பயிற்சி கொடுத்தாள். சாப்பிடும்போது திடீரென்று, உனக்கு வயசென்ன என்பாள். பிள்ளை சரியாகச் சொன்னால் மேற்கொண்டு ஒரு முட்டை. அந்த வட்டாரத்தில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு வயசும் மைதானத்தில் ஒரு வயசும் இருப்பது, வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் இருப்பது மாதிரி. யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

பூவனலிங்கம் அட்டவணையில் விரலை ஓட்டினார். பத்து வயசு மஞ்சள் ஸ்டிக்கர். பேசும் பிராணிகள் உண்டு, மந்திரக்கோல் உண்டு. சூனியக்காரி வரலாம், ஆனால் கடைசியில் திருந்த வேண்டும். பறக்கும் நாகம் பதினொன்றில் அனுமதி. அது நெருப்புக் கக்குவது பன்னிரண்டில். இதையெல்லாம் அவர் சாலை விதி சொல்கிற மாதிரிச் சொன்னார். வரிசையில் நின்ற தாய்மார்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி செல்போனில் எழுதிக்கொண்டாள்.

“முக்கியமான விஷயம் ஒண்ணு, பாய். பெத்தவங்க சாகுத கதை பதிமூணுக்கு மேலதான். அதுக்கு முன்ன பிஞ்சு மனசு தாங்காது.”

“சரி அண்ணாச்சி” என்றார் நாசர்.

சொல்வதற்கு வேறு ஏதோ இருந்த மாதிரி இருந்தது. என்னவென்று தேடிப் பார்க்க அலுப்பாக இருந்தது. பூவனலிங்கம் மூன்று மஞ்சள் புத்தகம் எடுத்துக் கொடுத்து, சீட்டு எழுதி, அதோடு தன் படம் அட்டையில் போட்ட ‘வாசிப்பும் வயதும்’ என்ற சிறு நூலையும் இலவசமாகத் திணித்தார். இலவசத்தை வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் நாசர் வாங்கிக்கொண்டார்.

எட்டயபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ரெண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் இந்த வருஷம் கோடைமழை ஏமாற்றிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நாசர் சரியான இடங்களில் ஆமா போட்டார்.

தஸ்லிமா கதவைத் திறந்ததும் அவளுடைய சின்னப் பிள்ளைகள் ரெண்டும் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தன. அல்ஃபியா அதைப் பிடுங்கி, வாசல்படியில் உட்கார்ந்து, முதல் புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு முயல், ஒரு மந்திரக் கேரட். நாசர் மோர் குடித்து முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள். ரெண்டாவதை நடுவில் திறந்து பார்த்தாள். மூன்றாவதைத் திறக்கவில்லை. மூன்றையும் ஒழுங்காக அடுக்கி அவர் பக்கத்தில் வைத்தாள்.

“நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்கு. சாச்சி புள்ளைகளுக்குக் கொடுத்திருங்க.” மஞ்சள் ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “எனக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க?”

“பத்து.”

“அது ஹாக்கிக்கு வாப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சைஸ் மாற்றிக் கொடுத்ததைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். நாசர் கீழே பார்த்தார். அவள் போட்டிருந்தது தஸ்லிமாவின் செருப்பு. பெரிய சைஸ், பொம்பிளை செருப்பு. குதிகால் பின்னால் அரை இஞ்சுகூட மிச்சமில்லை. எட்டு மாசத்துக்கு முன் அவர் கடையிலிருந்து கொடுத்துவிட்டது ரோஸ் கலர் பிள்ளைச் செருப்பு. பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு ஜோடி கொடுங்க என்று வெறுங்கையோடு வருகிறவர்களிடம், காலைக் கொண்டு வாங்க, வயசைக் கொண்டு வராதீங்க என்று இருபது வருஷமாகச் சொல்லுகிறவர் அவர். அதையே ஒரு ஜம்பமாகவும் வைத்திருந்தார்.

“அப்ப என்ன புஸ்தகம் வேணும்?”

அல்ஃபியா சொன்னாள். ‘உப்புக்கோட்டையின் ஏழாம் வாசல்.’ பக்கத்து வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளை வைத்திருந்தது. இருபத்தெட்டாம் பக்கம் வரை படிப்பதற்குள் அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்விட்டது. அதில் ஒரு பெண்ணின் உம்மாவுக்குக் காய்ச்சல், கோட்டைக்குள்ளே போய் மருந்து கொண்டுவர வேண்டும்.

“அந்த உம்மா செத்துருவான்னு அந்தப் புள்ள சொல்லிட்டு. அது தெரியும். அதுக்குப் பிறகும் முன்னூறு பக்கம் இருக்கு வாப்பா. அதுல என்ன இருக்குன்னு பாக்கணும்.”

உள்ளே தஸ்லிமா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். நாசர் எழுந்தார். வா, நீயே வந்து எடு என்றார். தஸ்லிமா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், திங்கட்கிழமையை ஞாபகப்படுத்தினாள். ரெண்டுக்கும் சரி என்றுவிட்டு ஒன்றையும் செய்யாமல் மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மத்தியானம் மண்டபத்தில் கூட்டம் குறைந்திருந்தது. பூவனலிங்கம் சோபாவில் சாய்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். அல்ஃபியா நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முதுகில் சிவப்பு ஸ்டிக்கர்.

“இது பன்னெண்டு முடிஞ்சவங்களுக்குல்லா” என்றார் பூவனலிங்கம். “போதாததுக்கு இதுல தாய் சாகுதா. பதிமூணுக்குப் போகவேண்டியது, எழுத்து நல்லாருக்கேன்னு நான்தான் ஒரு வருஷம் சலுகை கொடுத்தேன். காலையில பத்துன்னுதான சொன்னீய?”

“தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. இவளுக்கு...”

“இருங்க இருங்க.” பூவனலிங்கம் முறுக்கை வைத்தார். அப்போதுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். குரல் ஒரே மூச்சில் மேடையிலிருந்து தரைக்கு இறங்கியது. “நம்ம ரைட் விங்ல்லா இது?”

வாசிப்பு ஆலோசகர் பதவிக்கு முன்பிருந்தே அவர் ஹாக்கி கிளப்பின் துணைத் தலைவர். மைதானத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவந்ததெல்லாம் ஷாஜாதி என்பதால் காலையில் நாசரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு வயசுக்கு உட்பட்டோர் அணியின் பட்டியலில் பதினாலு பிள்ளைகளின் வயசுக்கும் நேரே அவர் கையெழுத்து இருந்தது. அதையும் அவர் மத்தியான நேரத்தில்தான் போட்டிருப்பார்.

அவர் நாசரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். சோபாவில் ரெண்டு பேரும் மாப்பிள்ளையும் பெண்ணுமாக இருந்தார்கள். அடுத்த மாசம் போட்டி இருக்கிறது, பிள்ளை எட்டு மாசமாகப் பயிற்சிக்கு வரவில்லை என்றாலும் பெயரை எடுக்காமல் வைத்திருக்கிறோம், அதெல்லாம் உங்க வீட்டம்மா முகத்துக்காக என்றார். பிளக்சுக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைக்குப் பன்னிரண்டு என்று ஒரு தகப்பன் சொன்னால், அதற்குத் தானே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், எவனாவது செல்போனில் படம் பிடித்துப் போட்டால், மற்றப் பதிமூணு பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்டார். அவர்களில் ஒருத்திக்கு அடுத்த மாசம் பதினஞ்சு முடிகிறது என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“காகிதத்துல பத்துன்னா பத்துதான் பாய். வாசிப்பு வேற, விளையாட்டு வேற.”

“கால் ஒண்ணுதான அண்ணாச்சி.”

பூவனலிங்கத்துக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று நாசரும் எதிர்பார்க்கவில்லை. பூவனலிங்கம் ஆள் அனுபவசாலி. வழியில்லாத இடத்தில் வழி கண்டுபிடித்து பாலிசி விற்றவர். சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

“ஒண்ணு செய்வோம். உங்க பேர்லயே எழுதித் தாரேன். அப்துல் நாசர், வயசு நாப்பத்தாறு. நீங்க படிக்கதுக்கு வாங்குதீங்க. வீட்டுல போயி யார் படிச்சா எனக்கென்ன.”

நல்ல யோசனைதான். நாசருக்குத் தலை ஆடவே தொடங்கிவிட்டது. எட்டு மாசமாக எல்லாவற்றுக்கும் ஆடிய தலை. அல்ஃபியா மேடைக்குக் கீழே நின்றாள். புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. என்ன சொல்லுகிறார் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

“எனக்கில்ல” என்றார் நாசர். “இவளுக்கு. அல்ஃபியா, வயசு பன்னெண்டு. அப்படியே எழுதுங்க.”

“டீம்ல இருந்து பேர் போயிரும் பாய். யோசிச்சுக்கிடுங்க.”

நாசர் மகளைப் பார்த்தார். போகட்டும் என்றாள். அதை அவள் யோசிக்காமல் சொன்னாள்.

பூவனலிங்கம் எழுதினார். பன்னிரண்டு என்பதை மட்டும், பில் போடுகிறவனுக்கே கண்ணாடி வேண்டும் என்கிற அளவுக்குச் சின்னதாக எழுதினார். கையெழுத்தை வழக்கம்போலப் பெரிசாகப் போட்டார்.

கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கியதும் அல்ஃபியா சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து இருபத்தெட்டாம் பக்கத்தைத் தேடினாள். எட்டயபுரம் பஸ் அஞ்சு மணிக்கு ஒன்று, அஞ்சேமுக்காலுக்கு ஒன்று. நாசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். கேட்கவேண்டிய கேள்வி வாயில் இருந்தது. அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தூசி தட்டினார். ரப்பர் செருப்பு வாங்க ஒருவர் வந்தார், பேரம் பேசினார், வாங்காமல் போனார்.

“வாப்பா, அந்த உம்மா செத்துட்டா.”

நாசர் துணியைக் கீழே வைத்தார். “எப்ப?”

“நாப்பத்தொண்ணாம் பக்கம்.”

“பிறகு?”

“பிறகு ஒண்ணுமில்ல. மறுநாள் காலையில அந்தப் புள்ள எந்திரிச்சுப் பல்லு தேய்க்கி.” அவள் ஒரு வரியைத் திரும்பப் படித்தாள். “அழவும் இல்ல. பேஸ்ட் தீந்துபோச்சுன்னு பிதுக்கிக்கிட்டே நிக்கி.”

“ஆமா” என்றார் நாசர். “அப்படித்தான்.”

அல்ஃபியா தலையைத் தூக்கி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டாள். அஞ்சு மணி பஸ் போயிருக்கும். அஞ்சரைக்குத் தஸ்லிமா போன் பண்ணினாள். பிள்ளை புறப்பட்டாச்சா, திங்கட்கிழமைக்கு என்ன முடிவு என்று கேட்டாள். நாசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம், சாச்சி கேக்காவ என்றார்.

“இதை அங்கன கொண்டுபோனா சின்னதுக கிழிச்சிரும்” என்றாள் அல்ஃபியா, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. “என் துணிமணியை நாளைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்க.”

நாசர் அதை அப்படியே போனில் சொன்னார். தஸ்லிமா, சந்தோசம் மச்சான், ஷாஜாதி ராத்தா இருந்தா எவ்வளவு சந்தோசப்படுவா என்று அழுதாள். அவர் சரி என்றார். தனக்கும் அப்படி ஏதாவது வருகிறதா என்று நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, பிள்ளைக்கு ராத்திரி என்ன வேணும், தோசையா புரோட்டாவா என்று கேட்டார்.